இரட்டைப் பிள்ளைக்காரியின் கால்

காப்பி உள்ளே போகும் வரை யாரும் என்னிடம் பேசக் கூடாது என்பது என் கொள்கை. அந்தக் கொள்கையை ஒரு நாளும் காப்பாற்ற முடிந்ததில்லை. மலாக்காவில், காஜா பெராங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த பலகை வீட்டில், பதினோரு வருஷம் நான் கதவைத் திறந்ததும் பார்த்தது, நொண்டிக்கொண்டு நிற்கிற யாரையாவதுதான். ஒரு நாள் மீன் மார்க்கெட்டில் வழுக்கி விழுந்த சீனர். மறுநாள் பூப்பந்து ஆடப்போய்க் காலைப் பிசகிக்கொண்ட வாத்தியார். அதற்கு மறுநாள் கம்போங் செட்டியிலிருந்து, இரண்டு மகள்கள் தாங்கிப் பிடிக்க, ஒற்றைக் காலில் குதித்து வந்த ஓர் அம்மாள். எப்போதோ தமிழை மறந்துவிட்ட மலாக்காச் செட்டிகளும் மலாய்க்காரர்களும் "மாக் கெம்பார் இருக்கிறாரா" என்று மலாயில் கேட்பார்கள். மாக் என்றால் அம்மா, கெம்பார் என்றால் இரட்டை. தமிழர்கள் "ரெட்டப்புள்ளக்காரம்மா எழுந்திரிச்சாச்சா" என்பார்கள். எனக்கும் சேதுராமன் என்று ஒரு பெயர் உண்டு. முனிசிபாலிட்டியில் தண்ணீர் மீட்டர் படிக்கிற உத்தியோகமும் உண்டு. அந்த வாசலில் இரண்டையும் யாரும் மதித்ததில்லை.

அவர்கள் தேடி வந்தது என் மனைவி ருக்மணியை. இரட்டைப் பிள்ளை பெற்றவள் காலால் தொட்டால் சுளுக்கு இறங்கிவிடும் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. கப்பல் ஏறும்போது துணிமூட்டையோடு இதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மூன்று விடியற்காலை, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வந்து நிற்க வேண்டும். அவள் பிசகின இடத்தைக் காலால் மூன்று தடவை மிதிக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். படிப்பும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். ஒரே பிரசவத்தில் இரண்டு பெற்றுவிட்டால் பட்டம் தானாக வந்து சேரும்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ருக்மணி இரட்டைப் பிள்ளை பெறவில்லை.

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ருக்மணிக்குப் பிள்ளை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை; எங்கள் லயத்து வீட்டு வரிசையிலேயே இன்னொரு பெண்ணுக்கும் பிறந்தது. அவள் புருஷனை சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. அவளும் நான்காம் நாள் ஜுரத்தில் போய்விட்டாள். ருக்மணி எழுந்து போய், அழுதுகொண்டிருந்த அந்தப் பிள்ளையைத் தூக்கி வந்து, தன் பிள்ளைக்குப் பக்கத்தில் போட்டுப் பால் கொடுத்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், நமக்கே மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு, இன்னொன்று எதற்கு என்று சொல்லியிருப்பேன். அப்படிப்பட்டவன்தான் நான். அவளுக்கு அது தெரியும்.

சண்டை முடிந்து மலாக்காவுக்கு வந்தபோது, பிள்ளைகள் இரண்டும் இரட்டை என்று சொல்லிவிட்டோம். பெண்ணுக்கு சிவகாமசுந்தரி, பையனுக்கு கணேசமூர்த்தி. தாயில்லாப் பிள்ளை, எடுத்து வளர்த்த பிள்ளை என்று ஒரு வாய் அந்தக் குழந்தையைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்பது ருக்மணியின் பிடிவாதம். இரண்டில் எது அவள் வயிற்றில் வந்தது என்று இங்கே எழுத மாட்டேன். பிள்ளைகளிடம் அவர்கள் கல்யாணத்துக்கு முன்பே நாங்களே சொல்லிவிட்டோம். அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

இரட்டை என்று ஊரிடம் சொன்னபோது, சுளுக்கு எங்கள் வாசலுக்கு வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. முதலில் வந்தவர் ரொட்டி விற்கிற ஹனீபா. கூடையோடு சைக்கிளிலிருந்து விழுந்து, கணுக்கால் வீங்கி, இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு வந்தார். "ரெட்டப்புள்ள பெத்தவங்களாமே, ஒரு மிதி மிதிச்சு விடுங்க தங்கச்சி" என்றார். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ருக்மணி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவள் மிதித்தாள். ஹனீபா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அவருக்கு எலும்பு முறிந்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு இரண்டு மாதம் படுக்க வைத்தார்கள். அந்த மனிதர் ருக்மணியைத் திட்டவில்லை, தன் நேரம் சரியில்லை என்றார். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு நாள் அவள் சோற்றைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் அவள் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு ஹனீபாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். கஞ்சியைக் கொடுத்துவிட்டு நேராகக் கட்டுப் போடும் அறைக்குப் போய், அங்கே டிரெஸ்ஸராக இருந்த சிஹாபுதீனிடம், சுளுக்கு என்றால் உள்ளே என்ன ஆகிறது, எனக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அவர் கோபக்காரர். எலும்பு முறிந்த காலை மிதித்த புண்ணியவதி நீதானா என்று எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அவள் அசையவில்லை. மறுநாளும் போய் நின்றாள். அதற்கு மறுநாளும். கடைசியில் அவளைத் தொலைத்துக் கட்டுவதற்காகவே அவர் சொல்லிக் கொடுத்தார் என்று நினைக்கிறேன். அப்புறம் மூன்று மாதம், வெள்ளிக்கிழமை தவறாமல், அந்த அறை வாசலில் நின்று பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் ஒரு பொய்யை மூட இன்னொரு பொய் சொல்லியிருப்பார்கள். இவள் படித்தாள்.

அவள் தெரிந்துகொண்டது இது. கணுக்காலில் எலும்பையும் எலும்பையும் பட்டைப் பட்டையாக நார் கட்டி வைத்திருக்கிறது. பாதம் உள்பக்கமாக மடங்கி நாம் விழும்போது வெளிப்பக்கத்து நார் இழுபட்டு, சில சமயம் கொஞ்சம் கிழிந்தும் போகிறது. சுளுக்கு என்பது அதுதான். நரம்பு பிரண்டதும் இல்லை, காற்று புகுந்ததும் இல்லை. கிழிந்த நாரைச் சூடான எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தால் இன்னும் வீங்கும். முதல் இரண்டு மூன்று நாள் அதைச் சும்மா விட வேண்டும், குளிர்ச்சி கொடுக்க வேண்டும், இறுக்கமாகச் சுற்ற வேண்டும், உயர்த்தி வைக்க வேண்டும். கணுக்கால் மொட்டின் எலும்பைத் தொட்டாலே அலறுகிறவர்களையும், காலை ஊன்றி நாலு அடி வைக்க முடியாதவர்களையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும்.

இதை அப்படியே ஊரிடம் சொல்லியிருந்தால் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள். காலைத் தூக்கித் தலையணையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் படு என்றால் எந்த மீன்காரர் படுப்பார்? ஆகவே ருக்மணி பத்தியம் வைத்தாள். வந்தவர் காலைக் கையால் மெதுவாகத் தொட்டுப் பார்ப்பாள். எலும்பு என்று சந்தேகம் வந்தால், இது என் காலுக்கு அடங்காது, பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்பாள். சுளுக்குதான் என்றால், தன் கால் பெருவிரல் நுனியால் மூன்று தடவை தொடுவாள். ஈ உட்கார்ந்த மாதிரிகூட இருக்காது. பிறகு கண்டிப்பான குரலில் ஆரம்பிப்பாள். மூன்று நாள் அந்தக் காலைத் தரையில் வைத்தால் தொட்டது பலிக்காது. எண்ணெய் பட்டால் பலிக்காது. படுக்கும்போது கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பலிக்காது. துணியில் ஐஸ் கட்டியைச் சுற்றி ஒரு நாளைக்கு நாலு வேளை வைக்க வேண்டும். இந்தப் பத்தியத்தைக் கேட்டு ஆரம்பத்தில் நானே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். சிஹாபுதீன் பாய் சொன்னதுக்கெல்லாம் சாமி வேஷம் போட்டுவிட்டாள் என்பது புரிந்த அன்றைக்குச் சிரிப்பை நிறுத்திவிட்டேன். என் பெண்டாட்டி இவ்வளவு கெட்டிக்காரியா என்று அன்று முழுவதும் மீட்டரைத் தப்புத் தப்பாகப் படித்தேன்.

இனி சந்திரமதி கதைக்கு வருகிறேன்.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தின வருஷம். அந்த மாசி மாதத்தில்தான் பண்டார் ஹிலிர் திடலில் கூட்டம் கூடி, சுதந்திரம் வரப்போகிற தேதியைக் கேட்டுவிட்டு வந்திருந்தோம். எதை எடுத்தாலும் இனி நம்ம நாடு, நம்ம ஆள் என்ற பேச்சாக இருந்தது. போலீஸில் பெண்களையும் எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டு பாக்கியலட்சுமியின் மகள் சந்திரமதிக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பா இல்லாத பெண். அம்மா துணி வெளுத்துக் கொடுத்து இங்கிலீஷ் ஸ்கூலில் படிக்க வைத்தாள். சந்திரமதி யாரிடமும் சொல்லாமல் போலீஸுக்கு மனுப் போட்டு, நேர்முகத்தில் தேறியும் விட்டாள். கோலாலம்பூரிலிருந்து கடிதம் வந்தது. இன்ன தேதியில் வர வேண்டும், ஒரு மைல் ஓடிக் காட்ட வேண்டும், வராதவர்களுக்கு வேறு தேதி கிடையாது.

பெண் பிள்ளைக்குக் காக்கிச் சட்டையா என்று தெருவே வாயில் போட்டு மென்றது. பொன்னம்மா என்று எதிர் வீட்டில் ஒரு கிழவி, இந்தப் பெண்ணை எவன் கட்டுவான் என்று தினம் ஒரு தடவையாவது கேட்காமல் விடமாட்டாள். பாக்கியலட்சுமிக்கு உள்ளுக்குள் பயம்தான். ஆனால் மகள் எட்டு நாளாக விடியுமுன் எழுந்து தெங்கேரா பக்கம் ஓடிப் பழகுவதை அவள் தடுக்கவில்லை. நானே ஒரு நாள் பார்த்தேன், பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, சாலையை விழுங்குகிறவள் போல் வந்தாள். எனக்கே பெருமையாக இருந்தது.

ஒன்பதாம் நாள் லோங்காங் என்கிற தெருச் சாக்கடை ஓரத்தில் கால் வைத்து, அதன் மூடி புரண்டு, விழுந்தாள். இன்னும் ஐந்து வாரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது தேதிக்கு.

ருக்மணி தொட்டுப் பார்த்தாள். எலும்பில் ஒன்றும் இல்லை. சின்னச் சுளுக்கு. மூன்று விடியற்காலை பெருவிரலால் தொட்டாள். பத்தியம் எல்லாம் சொன்னாள். சந்திரமதி எழுத்துப் பிசகாமல் அப்படியே நடந்தாள். வீக்கம் வடிந்தது. ஒரு வாரம் மெதுவாக நட, அப்புறம் பார்க்கலாம் என்று ருக்மணி சொல்லித்தான் அனுப்பினாள்.

நான்காம் நாள் காலை அந்தப் பெண் ஓடினாள். பத்தியம் முடிந்தது, ரெட்டைப் பிள்ளைக்காரம்மா கால் பட்டாகிவிட்டது, இனி என்ன என்று நினைத்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நம் ஜனங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். தெங்கேரா பள்ளிவாசல் தாண்டுவதற்குள் அதே கால் மறுபடி மடங்கிவிட்டது. இந்தத் தடவை கணுக்கால் கருணைக்கிழங்கு மாதிரி வீங்கி, பாதம் வரைக்கும் நீலம் இறங்கியிருந்தது.

ருக்மணி டிரைஷா வண்டி பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனாள். எலும்பு தப்பித்தது, நார் நன்றாகக் கிழிந்திருக்கிறது என்றார் சிஹாபுதீன். வேறு தேதி கேட்டுப் பார்க்கச் சொன்னார். வேறு தேதி கிடையாதே என்றாள் ருக்மணி. அப்படியென்றால் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஐந்து வாரத்தில் ஓடலாம், ஓட முடியாமலும் போகலாம், காலையும் அந்தப் பெண்ணின் புத்தியையும் பொறுத்தது என்று சொல்லி, இறுக்கிக் கட்டி அனுப்பினார்.

அன்று வீட்டுக்கு வந்து ருக்மணி அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். தன் பத்தியம்தான் அந்தப் பெண்ணைக் கெடுத்தது என்றாள். நான் சமாதானம் சொன்னேன். இதற்கும் ஒரு பத்தியம் வைத்துவிடேன், நாற்பது நாள் விரதம் என்று சொல்லேன் என்றேன். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

"பத்தியத்த நம்பித்தானங்க ஓடுனா" என்றாள் ருக்மணி. "இப்ப அவ கால அவதான் பாத்துக்கணும். எங்க வலிக்குது, எவ்வளவு தாங்குதுன்னு ஒவ்வொரு அடியும் அவளே கவனிக்கணும். அத்த காலு பாத்துக்கும்னு நெனச்சிக்கிட்டு இருந்தா, எப்படிக் கவனிப்பா?"

அவள் என்ன செய்யப்போகிறாள் என்பது எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

மூன்றாம் நாள், நாங்கள் பக்கத்து வீட்டுக்குப் போனோம். சந்திரமதி காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள். பாக்கியலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் மூன்று விடியற்காலை தொட்டுவிடு ருக்கு, இந்தத் தடவை ஒழுங்காகப் பத்தியம் இருப்பாள் என்று கெஞ்சினாள். மகளும் அதையேதான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் சொன்ன பயிற்சியெல்லாம் வேண்டாம், வலிக்கிறது, அத்தை கால் பட்டால் போதும். ருக்மணி பாக்கியலட்சுமியிடம் ஐஸ் தீர்ந்துவிட்டதே, கடைக்குப் போய் வாங்கி வா என்றாள். பாக்கியலட்சுமி கிளம்பிப் போனாள். ருக்மணி தரையில், அந்தப் பெண்ணின் காலருகில் உட்கார்ந்தாள்.

"சந்திரா, எங்காலுல ஒண்ணும் இல்ல" என்றாள்.

சந்திரமதி சிரித்தாள். ஊரே சொல்லுதே அத்தை என்றாள்.

"ஊருக்குத் தெரியாது. நான் ரெட்டப்புள்ள பெக்கல. ஒண்ணுதான் பெத்தேன். இன்னொண்ணு தாய் செத்த புள்ள, நான் எடுத்துக்கிட்டேன். புள்ளைங்க ரெண்டுக்கும் இது தெரியாது. எங்காலு உங்கம்மா காலு மாதிரிதான். உங்காலுல கிழிஞ்சத ஒட்ட வைக்க எனக்குத் தெரியாது, அது தானா ஒட்டிக்கும். அதுக்கப்புறம் அதுக்கு நிக்கக் கத்துக் குடுக்கணும். அத நீதான் செய்யணும். நான் கூட இருப்பேன்."

பதிமூன்று வருஷம் கட்டிக் காத்ததை, பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஒரு கணுக்காலுக்காகப் போட்டு உடைத்துவிட்டாள். வீட்டுக்குள் வந்ததும் கத்தினேன். பத்தொன்பது வயசுப் பெண்ணின் வாய், நாளைக்கே பொன்னம்மா காதுக்குப் போகும், மறுநாள் ஸ்கூலில் நம் பிள்ளை காதுக்கு வரும் என்று கத்தினேன். ருக்மணி ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினாள். யாராவது கேட்டுவிட்டார்களா என்று பலகை இடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்தாள். பயப்படாமல் சொன்னாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பயந்துகொண்டேதான் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் என் கோபம் இறங்கவில்லை. எட்டு நாள் அவளோடு பேசவில்லை. தினமும் வேலை முடிந்து வரும்போது பாக்கியலட்சுமியின் முகத்தைப் பார்ப்பேன், தெரிந்துவிட்டதா என்று. பொன்னம்மா இருமினால்கூட நின்று திரும்பிப் பார்ப்பேன்.

அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. அன்று முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள், மறுநாள் எழுந்து உட்கார்ந்து, சொல்லுங்கள் அத்தை, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாளாம்.

முதல் வேலை எழுதுவது. கட்டிலில் உட்கார்ந்தபடியே, கால் பெருவிரலால் காற்றில் அ, ஆ, இ, ஈ எழுத வேண்டும். உயிரெழுத்து முடிந்ததும் மெய்யெழுத்து. கணுக்கால் எல்லாப் பக்கமும் அசைய இதைவிட நல்ல வழி கிடையாது என்று ருக்மணி கண்டுபிடித்திருந்தாள். ஒரு வாரம் கழித்து, கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அந்த ஒற்றைக் காலில் நிற்பது. முதல் நாள் ஐந்து எண்ணுவதற்குள் ஆடி விழப் பார்த்தாள். பிறகு பிடிக்காமல் நின்றாள். பிறகு பிடிக்காமல், கண்ணையும் மூடிக்கொண்டு. நான் வீட்டில் ஒரு நாள் யாரும் பார்க்காதபோது கண்ணை மூடி ஒற்றைக் காலில் நின்று பார்த்தேன். அலமாரியில்தான் போய் மோதினேன். அதன் பிறகு வாசற்படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி ஏற்றி இறக்குவது. வலித்தால் எங்கே வலித்தது, எப்படி வலித்தது என்று அவள் சொல்ல வேண்டும். இழுக்கிற வலி என்றால் மேலே செய்யலாம், குத்துகிற வலி என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். இந்தப் பாடத்தில் பெருவிரல் தொடுவது எங்கேயும் இல்லை. தெரு அதைக் கவனித்துக்கொண்டிருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மூன்றாவது வாரம் ஒரு நாள் காலை, பண்டார் ஹிலிர் பக்கம் மீட்டர் படிக்கப் போனேன். திடலில் இரண்டு பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சந்திரமதி, காலில் கட்டோடு, அளந்து அளந்து அடி வைத்து. அவள் பக்கத்தில், சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு, முப்பத்தைந்து வயதில், செருப்பில்லாமல், மூச்சு வாங்க வாங்க ஓடிக்கொண்டிருந்தது என் பெண்டாட்டி. கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்த மலாய்க் கிழவர்கள் சிரித்தார்கள். அவள் லட்சியம் செய்யவில்லை. சந்திரமதியின் முகத்தைப் பார்க்கவில்லை, பாதையைப் பார்க்கவில்லை. குனிந்து அந்தக் கணுக்காலையே பார்த்தபடி ஓடினாள். நான் மீட்டர் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றேன். இவளோடு எட்டு நாள் பேசாமல் இருந்தோமே, நமக்கு என்ன யோக்கியதை என்று வெட்கமாகிவிட்டது. அன்று சாயங்காலம் பலகாரம் வாங்கிப் போனேன். அதில் பாதியை அவள் சந்திரமதிக்குக் கொடுத்தனுப்பினாள்.

தேதி வந்தது. அம்மாவும் மகளும் பஸ்ஸில் தம்பின் ஊருக்குப் போய், அங்கிருந்து ரயில் ஏறினார்கள். கணுக்காலை எப்படிச் சுற்ற வேண்டும் என்று சந்திரமதிக்கே ருக்மணி பழக்கிக் கொடுத்திருந்தாள். இரண்டு நாள் செய்தி இல்லை. ருக்மணி குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். நான் சத்தம் போடாமல் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் பிள்ளைகளோடு நாங்கள் நாலு பேரும் நின்றுகொண்டிருந்தோம்; அந்த நேரத்தில்தான் அம்மாவும் மகளும் பையோடு நேரே அங்கே வந்து இறங்கினார்கள். பாக்கியலட்சுமி முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முப்பத்திரண்டு பெண்கள் ஓடினார்களாம். சந்திரமதி ஆறாவதாக வந்தாளாம். எடுத்துக்கொண்டார்கள். கோயில் வாசலில் இருந்த பெண்கள் எல்லாம் வந்து சூழ்ந்துகொண்டார்கள். காக்கிச் சட்டையைப் பழித்தவர்கள்தான் முதலில் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள்.

பொன்னம்மா மட்டும் ருக்மணியைப் பார்த்துத் திரும்பினாள். எல்லாருக்கும் கேட்கிற குரலில்தான் எப்போதும் பேசுவாள்.

"ஏம்மா ருக்கு, இந்தப் பொண்ணுக்கு மறுபடி நீ காலாலத் தொடவே இல்லியே. ஒரு மாசமா நானும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். உங்காலு சக்தி போயிருச்சா, இல்ல ஆரம்பத்துலேர்ந்தே கெடையாதா?"

எங்கள் பிள்ளைகள் இரண்டும் ருக்மணியின் இரு பக்கமும் நின்று அவள் வாயைப் பார்த்தன. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சாதாரண நாளில் பொன்னம்மாவுக்கு நாலு வார்த்தை சூடாகத் திருப்பிக் கொடுக்காமல் விடமாட்டேன். அன்று கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ருக்மணி பையன் தோளிலும் பெண் தோளிலும் கை வைத்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்ல அவளுக்கு இனி மனசு வராது என்பது எனக்குத் தெரிந்தது. உண்மையை அந்த இடத்தில் சொல்லவும் முடியாது.

சந்திரமதி பையைக் கீழே வைத்தாள். பொன்னம்மாவுக்கு நேரே வந்து நின்றாள்.

"சக்தி எங்கயும் போவல பாட்டி" என்றாள். "அத்த இந்த ரெண்டு புள்ளைக்கும் தாயி. அது எனக்கு நல்லாத் தெரியும். மத்தவங்களுக்கு அந்தக் காலு மூணு நாளு மூணு தடவ தொட்டுட்டுப் போயிரும். எனக்கு அது பண்டார் ஹிலிர் திடல்ல கூடவே ஓடுச்சு. அதனாலதான் நான் ஓடுனேன்."

பொன்னம்மா குனிந்து சந்திரமதியின் காலைப் பார்த்தாள். பிறகு, அப்படியென்றால் சரி என்று சொல்லிவிட்டு, கோயிலுக்குள் போனாள். சிவகாமசுந்தரியும் கணேசமூர்த்தியும் தங்கள் அம்மாவைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பெருமை இருந்தது. ருக்மணி அப்படியே கோயில் படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சந்திரமதிக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்று பெண்கள் தேற்றினார்கள்.

அந்தப் பெண் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை. சொல்லக் கூடாததைச் சொல்லவும் இல்லை. ஒரு மாதமாக நான் எவள் வாயை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேனோ, அந்த வாய்தான் என் பிள்ளைகளைக் காப்பாற்றியது. எனக்கு வயது நாற்பது. அவளுக்குப் பத்தொன்பது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், எல்லோரும் பார்க்க, இரண்டு கையையும் கூப்பி அவளைக் கும்பிட்டேன்.

"ஐயோ மாமா, என்ன இது" என்று அவள் என் கைகளைப் பிடித்து இறக்கினாள். நான் மறுபடியும் கும்பிட்டேன்.